சுடுகாற்றுப் பங்குதாரர்கள்

கணினி மையத்தின் பின்பக்கம் ஒரு சந்து இருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பல்லிபோல் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கால் போன மேசைகள், முதுகு ஒடிந்த நாற்காலிகள், பதவியை விட்டுப் போன முதல்வர்களின் பெயர் எழுதிய திறப்புவிழாப் பலகைகள் என்று கல்லூரி மறக்க விரும்பியதெல்லாம் அங்கேதான் கிடந்தது. சுவரின் நடுவில் ஒரு சதுர ஓட்டை. உள்ளே ஓயாமல் ஓடும் சர்வர்களின் சூட்டை ஒரு பெரிய விசிறி அந்த ஓட்டை வழியாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் கல்லூரியில் விடுப்பு எடுக்காமல் வேலை செய்தது அந்த விசிறி ஒன்றுதான். அதன் பலனை அனுபவித்து வந்தது ஒரே ஒரு பூனை.

பூனைக்கு அடுத்தபடியாக அந்தக் காற்றைக் கண்டுபிடித்தவள் கொடி.

கொடி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயரல்ல. முதல் வருடம் அவள் விடுதிக்கு வந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. அறையில் துணி காயவில்லையே என்று நடைவழியின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினாள். காலையில் யாரையோ திட்டிக்கொண்டே விரைந்து வந்த வார்டன் அம்மாவின் கழுத்தில் அது சரியாக மாட்டியது. "யாருடி இந்தக் கொடியைக் கட்டினது?" என்று அவர் போட்ட சத்தத்தில் மூன்று மாடியும் எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து அவள் கொடி. வகுப்பில் வருகை எடுக்கும் ஆசிரியர்கள்கூட நாக்குத் தவறி அப்படியே கூப்பிட்டார்கள். வார்டன் அம்மா மட்டும் முழுப்பெயரைச் சொல்லி அழைப்பார். இன்னும் மன்னிக்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது அவள் இயந்திரவியல் மூன்றாம் வருடம். மழை மட்டும் மாறவில்லை. மழைக்காலத்தில் பெண்கள் விடுதிக்குள் நுழைந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டில் கம்பியில், சன்னலில், மின்விசிறியின் இறக்கையில், புத்தக அலமாரியின் கதவில் என்று எங்கும் ஈரத்துணி. ஈர ஜீன்ஸோடு தேர்வு எழுதப் போய், பெஞ்சில் தன் உருவத்தை அச்சடித்துவிட்டு எழுந்து வந்தவர்கள் உண்டு.

ஒருநாள் அலைபேசிக்கு சிக்னல் தேடிக்கொண்டு சந்துக்குள் போன கொடி, மழையிலும் பூனை சொகுசாகக் கிடப்பதைப் பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் கையை நீட்டினாள். அன்று சாயங்காலம் ஒரு கைக்குட்டை. மறுநாள் ஒரு துவாலை. அதற்கடுத்த வாரம் மாமாவின் இரும்பு அலமாரி வந்து சேர்ந்தது.

மாமா இன்சூரன்ஸ் முகவர். வீடு மாறும்போது கதவு சரியாக மூடாத அந்த அலமாரியை என்ன செய்வது என்று தெரியாமல், "எடுத்துட்டுப் போம்மா, பழைய இரும்புக்காரன்கூட அதைப் பார்த்துட்டு நாளைக்கு வர்றேன்னு போயிட்டான்" என்று கொடியின் தலையில் கட்டியிருந்தார். கொடி அதன் அடியில் ஓட்டை போட்டாள், மேலே ஓட்டை போட்டாள், உள்ளே குறுக்கே கம்பிகளைப் பொருத்தினாள். விசிறிக்கு மூச்சு முட்டாதபடி கொஞ்சம் தள்ளி, தகரத்தை வளைத்து ஒரு குழாய் செய்து காற்றை அலமாரிக்குள் திருப்பினாள். மின்சாரம் வேண்டாம், ஒயர் வேண்டாம். காலையில் வகுப்புக்குப் போகும்போது துணியை மாட்டினால், சாப்பாட்டு வேளைக்குள் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். பாட்டில் மூடிகளில் எண் எழுதி டோக்கன் கொடுத்தாள். வரிசை சந்தைத் தாண்டி கேன்டீன் வாசல் வரை போயிற்று.

எதிர்ச் சாரியில் செவிலியர் விடுதி. அங்கே பொறுப்பாளராக இருந்த அம்மா ஒருநாள் வந்து அலமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "எங்க அடுக்களைச் சுவருக்குப் பின்னாலயும் இதே மாதிரி சூடு வீணாத்தான் போகுது. எனக்கு ஒண்ணு செஞ்சு குடு. ஆனா முதல்ல இது இங்க ஒழுங்கா இருக்கட்டும். உங்க காலேஜே தூக்கிப் போட்ட சாமானை நான் எப்படி எங்க ஆபீஸ்ல கேக்கறது?" என்றார்.

அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, மறுநாளே அலமாரியின் நெற்றியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கட்டட அதிகாரியின் கையெழுத்து. 'அனுமதியின்றி வைக்கப்பட்டுள்ள இப்பொருளை வரும் வெள்ளிக்கிழமைக்குள் அகற்றாவிட்டால் கழிவுப் பொருளாகக் கருதி அப்புறப்படுத்தப்படும்.' சுற்றிலும் கிடந்த ஒடிந்த நாற்காலிகளுக்கு யாரும் எந்தத் தாளும் ஒட்டவில்லை. அவை அனுமதி பெற்ற கழிவு.

சுவரை விட்டால் சூடு இல்லை. சூடு இல்லாவிட்டால் அது கதவு மூடாத பழைய அலமாரிதான். கொடி ஒரு மனுவை எழுதிக்கொண்டு டீனிடம் போனாள்.

அவர் சாதாரண டீன் அல்ல. புத்தாக்கத்துக்கும் தொழில்முனைவுக்கும் என்றே நியமிக்கப்பட்டவர். அவர் பொறுப்பில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு மையம் இருந்தது. உள்ளே உட்கார்ந்தால் ஆளை விழுங்கும் மெத்தைப் பைகள், சுவர் நிறைய எரியும் பல்பு ஓவியம், எழுதி அழிக்கும் பலகை. கதவுக்குப் பூட்டு. மாணவர்கள் உள்ளே வந்தால் அழுக்காகிவிடும் என்பதால் சாவி டீனின் சட்டைப் பையில். கருத்தரங்கு தவறாமல் போய், "நம்ம மாணவர்களுக்குள்ள ஒரு நெருப்பு இருக்கு" என்று பேசிவிட்டு வருவார். நெருப்பு வேண்டாம், கொஞ்சம் வெந்நீர்ச் சூட்டோடு ஒருத்தி வந்து எதிரில் நின்றபோது அவருக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

"என்னம்மா?"

"அந்தச் சந்துல அலமாரி வச்சுக்க அனுமதி வேணும் சார்."

"அனுமதியா? அதெல்லாம் சின்ன விஷயம். நீங்கல்லாம் பெருசா யோசிக்கணும்."

"பெருசா யோசிச்சா சந்துல இடம் பத்தாது சார்."

டீன் மனுவைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனார். அதற்குள் 'மாணவர் கண்டுபிடிப்பு' என்ற சொல் கண்ணில் பட்டது. மூக்கு வியர்த்தது. மேலிடத்திலிருந்து வந்த ஓர் உத்தரவு அவர் மேசையில் பல நாளாகப் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மாணவர்களின் புத்தாக்கத்துக்கு ஆதரவாக வளாகத்தின் ஸ்டேக்ஹோல்டர்கள் அனைவரையும் கூட்டிப் பேசி, மாதம் முடிவதற்குள் புகைப்படத்துடன் அறிக்கை அனுப்ப வேண்டும். கூட்டம் போடலாம், புகைப்படம் எடுக்கலாம். புத்தாக்கத்துக்கு எங்கே போவது என்றுதான் அவர் தவித்துக்கொண்டிருந்தார்.

"உட்காரும்மா," என்றார் டீன். "டீ சாப்பிடறியா?"

சுற்றறிக்கை தமிழிலும் போக வேண்டும். டீன் அறையில் தட்டச்சு செய்யும் அக்கா 'ஸ்டேக்ஹோல்டர்' என்ற இடத்தில் நின்றுபோனார். தமிழ் ஆசிரியைக்குப் போன் போட்டுக் கேட்டார். அவர், "அக்கறை உள்ளவர்கள்னு போடுங்க, பொருத்தமா இருக்கும்" என்றாராம். டீன் அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"அக்கறை உள்ளவங்க எல்லாரும் வாங்கன்னு கூப்பிட்டா எவன் வருவான்? நானே வரமாட்டேன்."

அடித்துவிட்டு, தன் கையாலேயே மேலே எழுதினார்: 'பங்குதாரர்கள்.'

'மாணவி கண்டுபிடித்த துணி உலர்த்தும் அலமாரி தொடர்பாக, பங்குதாரர்கள் அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளவும்.' தாள் காலையில் போயிற்று. மதியத்துக்குள் வளாகம் தலைகீழானது. அதுவரை கொடி வணக்கம் சொன்னால் வானத்தைப் பார்த்துக்கொண்டு போன கேன்டீன்காரர், கூப்பிட்டு நாற்காலி போட்டார். "ஏம்மா, பங்கு பிரிக்கறாங்களாமே? நம்ம பேரும் லிஸ்ட்ல இருக்கு. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அண்ணா, அது அந்தப் பங்கு இல்ல."

"எந்தப் பங்கா இருந்தா என்னம்மா. குடுக்கறதை வேண்டாம்னு சொல்ற பழக்கம் எங்க வம்சத்துலயே கிடையாது."

பெற்றோர் சார்பில் வரச் சொல்லி அவள் வீட்டுக்கும் ஒரு தாள் போயிருந்தது. அப்பா அச்சகத்தில் ஷிப்ட் வேலை. மாமா போனில் வந்தார்.

"பங்குதாரர்னு தெளிவாப் போட்டிருக்கு. உங்கம்மாகிட்ட நான் அன்னிக்கே சொன்னேன், இவ பெரிய ஆளா வருவான்னு."

"மாமா, பழைய இரும்புன்னு நீங்கதானே என் தலையில கட்டினீங்க."

"பழைய இரும்புன்னா உன்கிட்ட ஏன் குடுக்கறேன்? அது முதலீடு. கோட்டு இஸ்திரி போடச் சொல்லியிருக்கேன். வர்றேன்."

கூட்டம் வியாழக்கிழமை. அதாவது அலமாரியின் கெடுவுக்கு முந்தின நாள். அதற்காகக் கண்ணாடிக் கதவு திறக்கப்பட்டது. மெத்தைப் பைகளை ஓரமாகக் குவித்துவிட்டு வட்ட மேசை போட்டிருந்தார்கள். வார்டன் அம்மா, கட்டட அதிகாரி, கணினி மையத் தலைவர், கேன்டீன்காரர் எல்லோரும் நேரத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கல்லூரியில் எந்தக் கூட்டத்துக்கும் நடக்காத அதிசயம் அது. மாமா நீலக் கோட்டும் தோல் பையுமாக நுழைந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார், கையோடு ஒரு விலாச அட்டையும் கொடுத்தார். தட்டச்சு அக்கா மடிக்கணினியோடு மூலையில். கொடிக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மெத்தைப் பையில் உட்கார்ந்தாள். அது அவளைக் கழுத்து வரை விழுங்கிற்று.

டீன் பேசினார். விதை, மரம், சிறகு, வானம் எல்லாம் வந்தன. அலமாரி மட்டும் வரவில்லை. கேன்டீன்காரர் கொட்டாவி விட்டதும் மாமா விரலைத் தூக்கினார்.

"சார், நல்லாப் பேசினீங்க. பங்கு எப்படின்னு சொல்லிட்டீங்கன்னா நல்லது."

இங்கே டீன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பங்குதாரர் என்றால் அந்த அர்த்தம் இல்லை, அக்கறை உள்ளவர்கள் என்றுதான் அர்த்தம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அறை காலியாகிவிடும். புகைப்படம் இன்னும் எடுக்கவில்லை. அவர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். எல்லார் முகத்திலும் அவ்வளவு அக்கறை. எழுந்து பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டார்.

"நீங்களே சொல்லுங்க," என்றார். "யார் யாருக்கு இதுல என்ன பங்களிப்பு?"

"சுவர் எங்களுது," என்றார் கட்டட அதிகாரி. நாளைக்கு அலமாரியைத் தூக்கிப் போட இருந்தவர் அவர்தான். "சுவர் இல்லன்னா எதுல சாத்தி வைப்பீங்க?"

"சுவர் எல்லா இடத்துலயும் இருக்கு," என்றார் கணினி மையத் தலைவர். "காத்து எங்க இருக்கு? அந்தக் காத்து என் காத்து. என் சர்வர் விடற மூச்சு அது."

வார்டன் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "காத்து இருக்கு, சரி. எதைக் காய வைப்பீங்க? ஈரம் வேணும்ல? அந்த ஈரம் என் ஹாஸ்டல்லேர்ந்து வருது. மூணு வருஷமா அங்க துணி காயாமப் பார்த்துக்கிட்டது நான்."

"அக்கா சொல்றது நியாயம்," என்றார் கேன்டீன்காரர். "ஆனா பிள்ளைங்க வரிசையில நிக்கறது என் கூரை நிழல்ல. நிழல் இல்லன்னா நிப்பாங்களா? நின்னாத்தானே வியாபாரம்?"

மாமா தோல் பையின் மேல் தட்டினார். "எல்லாம் சரிங்க. அலமாரி?"

வட்டம் துண்டு துண்டாகக் கிழிபட்டது. சுவர், காற்று, ஈரம், நிழல், அலமாரி. ஈரத்தைவிட நிழல் பெரிதாக வரையப்பட்டிருக்கிறது என்று வார்டன் அம்மா எழுந்து போய் அளந்து காட்டினார். டீன் அழித்து அழித்துப் போட்டார். கடைசியில் மிச்சமிருந்த துண்டில் 'ஊக்கம்' என்று எழுதி, பக்கத்தில் தன் பதவியைப் பொடி எழுத்தில் போட்டுக்கொண்டார்.

மெத்தைப் பைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கு சார்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அங்கே இருப்பதே அப்போதுதான் பலருக்கு ஞாபகம் வந்தது.

"நீ பயனாளிம்மா," என்றார் டீன். "பயனாளிக்குப் பங்கு எதுக்கு?"

"பங்கு வேண்டாம் சார். நாளைக்கு வெள்ளிக்கிழமை. அலமாரி அங்கயே இருக்கலாம்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்."

"அதெல்லாம் அடுத்த கட்டம். ஒரு துணைக்குழு போடுவோம். இப்ப பங்கு முடியட்டும்."

கொடி பலகையைப் பார்த்தாள். தான் ஒருத்தி ஓட்டை போட்டுத் தகரம் வளைத்த பொருளில், ஒன்றும் செய்யாத ஆறு பேர் ஆறு துண்டு வைத்திருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. கண்ணாடிக் கதவின் மேல் அந்த அலமாரியைத் தூக்கிப் போட்டால் எப்படி உடையும் என்ற கணக்குத்தான் மனசுக்குள் ஓடியது.

இந்த நேரத்தில்தான் மாமாவுக்குத் தொழில் ஞாபகம் வந்தது. வசதியான ஆறு பேர், அதில் தன்னைக் கழித்தால் ஐந்து பேர், ஒரே மேசையில் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த இன்சூரன்ஸ் முகவருக்குத்தான் கை சும்மா இருக்கும்? தோல் பையைத் திறந்தார்.

"பங்கு முடிஞ்சிடுச்சு. நல்லது. இனிமே நாம எல்லாரும் ஒரு குடும்பம். குடும்பம்னா பாதுகாப்பு வேணும். பங்குதாரர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு பாலிசி போட்டுடலாம்."

"எதுக்கு?" என்றார் கட்டட அதிகாரி.

"பார்த்தீங்களா, யாரும் இதை யோசிக்கறதில்ல. இப்ப அந்த அலமாரிக்குள்ள துணி இருக்கு. சூடு இருக்கு. ஒருநாள் புகை வருதுன்னு வைங்க. சுவர் கறுத்துப் போகுது. உள்ள சர்வர் உருகுது. காலேஜ் கணக்கு, பரீட்சை மார்க்கு எல்லாம் போச்சு. வரிசையில நின்ன ஒரு பொண்ணுக்குக் கையில சூடு பட்டுடுது. யாரைக் கேப்பாங்க?" மாமா பேனாவால் பலகையைக் காட்டினார். ஒவ்வொரு துண்டாக, நிறுத்தி நிறுத்தி. "பேரு அங்க இருக்குல்ல, அவங்களைத்தான் கேப்பாங்க. அதுக்குத்தான் சொல்றேன், சின்னத் தொகைதான்..."

கேன்டீன்காரர் டீக் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"ஏம்மா," என்றார் டீன், மெத்தைப் பையைப் பார்த்து. "அது தீப்பிடிக்குமா?"

பிடிக்காது. காற்றின் சூடு, பூனை வயிற்றுச் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மின்சாரமே இல்லாத இடத்தில் எது கருகும்? இது கொடிக்குத் தெரியும். வாயைத் திறந்தாள். அவர்கள் முகங்களைப் பார்த்தாள். வாயை மூடினாள். "இதுவரைக்கும் பிடிக்கல சார்" என்றாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

முதலில் கணினி மையத் தலைவர்தான் எழுந்தார். "ஒண்ணு சொல்லிக்கறேன். காத்து உள்ள இருக்கற வரைக்கும்தான் என் காத்து. சுவரைத் தாண்டிட்டா அது பொதுக் காத்து. அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல."

"பொதுக் காத்துன்னா என்ன, என் சுவர் மேல தள்ளறீங்களா?" கட்டட அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "அந்தச் சந்து எங்க வரைபடத்துலயே கிடையாது. வேணும்னா எடுத்துட்டு வந்து காட்டறேன். இல்லாத சந்துக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?"

"ஹாஸ்டல் வாசலைத் தாண்டின துணிக்கு நான் ஜவாப்தாரி இல்ல," என்றார் வார்டன் அம்மா. "துணிக்கு மட்டுமில்ல, பிள்ளைங்களுக்கே இல்ல."

மிச்சம் கேன்டீன்காரர்தான். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். "என் நிழல்," என்று இழுத்தார், "மத்தியானத்துக்கு மேல அந்தப் பக்கம் விழறதே இல்லைங்க. வேணும்னா வந்து பாருங்க."

பலகையில் வட்டம் வேகமாக வெளுத்தது. அவரவர் துண்டை அவரவரே போய் அழித்தார்கள். வார்டன் அம்மா சேலைத் தலைப்பாலேயே அழித்தார். டீன் தன் ஊக்கத்தை மற்றவர்கள் கண்ணில் படாதவாறு உள்ளங்கையால் தேய்த்துவிட்டுத் தட்டச்சு அக்காவிடம் திரும்பினார்.

"நடவடிக்கைக் குறிப்புல தெளிவாப் போடுங்க. கீழ்க்கண்டவர்களுக்கு இந்த அலமாரியில் பங்கோ பொறுப்போ தொடர்போ எதுவும் கிடையாதுன்னு. எல்லாரும் கையெழுத்துப் போடட்டும்."

"நீங்களுமா சார்?" என்றார் அக்கா. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"நான்தான் முக்கியமா."

கொடி மெத்தைப் பையிலிருந்து தன்னைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். "சார், அப்ப அலமாரியை அங்க வச்சுக்க யார்கிட்ட அனுமதி கேக்கணும்?"

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வைத்துக்கொள் என்றால் சம்பந்தம் வந்துவிடும். எடு என்று சொன்னாலும் சம்பந்தம் வந்துவிடும். சம்பந்தமில்லாதவன் எப்படி எடுக்கச் சொல்வான்?

"என்கிட்ட கேக்காத," என்றார் டீன்.

"கட்டட ஆபீசர் சார், நாளைக்கு எடுக்கணும்னு ஒட்டியிருக்கீங்களே?"

"எந்தச் சந்துல?" என்றார் கட்டட அதிகாரி. "அங்க சந்தே இல்லன்னு இப்பத்தானே சொன்னேன்."

"அப்ப எடுக்க வேண்டாமா சார்?"

"நான் எதுவும் சொல்லல. எழுதிக்குங்கக்கா, நான் எதுவும் சொல்லல."

அக்கா அதையும் தட்டினார்.

கையெழுத்துகள் விழுந்தன. மாமாவும் போட்டார். போட்டுவிட்டு வெளியே வந்ததும் கொடியின் காதருகே குனிந்தார். "கையெழுத்துதான் போட்டேன். அலமாரி என்னோடதுதான், ஞாபகம் வச்சுக்க."

"புகை வந்தாலுமா மாமா?"

மாமா கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தார். "அதை அப்புறம் பேசிக்கலாம். ஒரு பாலிசியும் போகலியே, வெட்டியா இஸ்திரி போட்டுட்டு வந்தேன்."

புகைப்படம் மட்டும் நடந்தது. மேலிடம் கேட்டது அல்லவா? எல்லோரும் எரியும் பல்பு ஓவியத்துக்கு முன்னால் நெருக்கி நின்று பல்லைக் காட்டினார்கள். கொடியைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். அல்லது ஞாபகமாகத்தான் கூப்பிடவில்லை.

நடவடிக்கைக் குறிப்பின் நகல் ஒன்றை அக்கா கேட்காமலேயே கொடுத்தார். கொடி அதை மடித்து வைக்கவில்லை. சந்தில் கிடந்த பழைய திறப்புவிழாப் பலகை ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கறுப்புச் சாயத்தால் பெரிதாக எழுதினாள்.

'இந்த அலமாரியில் பங்கோ பொறுப்போ இல்லாதவர்கள்.'

அதன் கீழே அவரவர் பதவி, கையெழுத்துப் போட்ட வரிசையிலேயே. அலமாரியின் கதவில் அந்தப் பலகையைத் தொங்கவிட்டாள். கதவு முதல் தடவையாக ஒழுங்காக மூடிக்கொண்டது. அந்தக் கனம்தான் அதற்குத் தேவைப்பட்டதுபோல.

வெள்ளிக்கிழமை கட்டட அதிகாரி இரண்டு ஆட்களோடு வந்தார். பழக்க தோஷம். பலகையைப் படித்தார். தன் பதவியைக் கண்டதும் ஒருமுறை இருமினார். பிறகு தான் ஒட்டிய தாளைத் தானே கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வரைபடத்தில் இல்லாத அந்தச் சந்திலிருந்து வெளியேறினார். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. கணினி மையத் தலைவர் அந்தப் பக்கத்துச் சன்னலையே மூடிவிட்டார். வார்டன் அம்மா சந்து வழியாகப் போவதை விட்டுச் சுற்றுவழியில் நடந்தார். அனுமதிக்கு நாயாய் அலைந்தபோது கிடைக்காத நிம்மதி, எல்லோரும் கைகழுவியதும் கிடைத்தது.

மழை ஓயும் முன்னால் செவிலியர் விடுதி அம்மா மறுபடி வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"இத்தனை பேரும் இதுல கை வைக்கமாட்டேன்னு எழுதியே குடுத்துட்டாங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப தைரியமா வாங்கலாம்," என்றார். "அளவெடுக்க எப்ப வர்றே?"

அந்த வாரமே ஒருநாள் மத்தியானம் மழை கொட்டியது. கொடி சந்தில் அடுத்த அலமாரிக்கான தகரத்தை வளைத்துக்கொண்டிருந்தபோது டீன் வந்தார். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. ஒரு கையில் ஷூவைப் பிடித்திருந்தார், மற்றொரு கையில் ஒரு ஜோடிக் காலுறை சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கருத்தரங்குக்கு நேரமாகிறது என்பது முகத்திலேயே தெரிந்தது. பலகையின் முன்னால் நின்று வெகுநேரம் படித்தார். கொடி தகரத்தைக் கீழே வைத்தாள். பலகை போகப்போகிறது, அதோடு அலமாரியும் போகப்போகிறது என்று நினைத்தாள்.

"என்னம்மா இது?" என்றார் டீன். குரல் நிஜமாகவே காயப்பட்டிருந்தது. "வார்டனுக்குக் கீழ போட்டிருக்கே என்னை? கேன்டீன்காரனுக்கும் கீழ. ஒரு மரியாதை வேண்டாமா? நான்தானே முதல்ல வரணும்?"

"கையெழுத்துப் போட்ட வரிசை சார்."

"வரிசையாவது ஒண்ணாவது. மாத்தி எழுது."

"சரி சார். நாளைக்கு மாத்திடறேன்."

டீன் சமாதானமானார். காலுறையை நீட்டினார். "இதைக் கொஞ்சம் உள்ள போடும்மா. அவசரம்."

கொடி கேன்டீன் வாசல் வரை நீண்டிருந்த வரிசையைக் காட்டினாள். "டோக்கன் வாங்கணும் சார்."

"நான் டீன்மா."

"தெரியும் சார். போர்டுலயே இருக்கு, உங்களுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு."

அவள் ஒரு பாட்டில் மூடியை எடுத்துக் கொடுத்தாள். டீன் அதில் இருந்த எண்ணைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். பிறகு போய்க் கடைசியில், ஈரத் துவாலையோடு நின்ற ஒரு முதலாமாண்டுப் பெண்ணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவர் நின்ற இடத்தில் கேன்டீன்காரரின் கூரை இருந்தது. ஆனால் அது ஒழுகியது.